தங்கை பார்த்த வீடு

2025 மே 17, சனிக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் மாசாயில் அந்த நேரம் இன்னும் இருட்டுதான். விடிய ஏழு மணி ஆகும். விடுமுறை நாளிலும் என் காலை வரிசை மாறாது. தண்ணீர் கொதிக்க வைப்பேன். முன்பக்க இரும்புக் கதவின் பூட்டைத் திறப்பேன். கார் நிற்கும் இடத்தைக் கூட்டி, தொட்டியிலிருக்கும் கறிவேப்பிலைக்கு நீர் ஊற்றுவேன். பிறகு காப்பியோடு உட்கார்ந்து முந்தைய நாளின் நாட்குறிப்பை எழுதி முடிப்பேன். பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயன ஆலையில் பராமரிப்புப் பணிகளைத் திட்டமிடுவது என் வேலை. எந்தக் குழாயை எந்த வாரம் கழற்றுவது, யார் கழற்றுவது என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். வீட்டையும் ஆலை மாதிரி நடத்துகிறேன் என்று மனைவி சொல்வாள். அது பாராட்டா இல்லையா என்று இன்னும் தெளிவாகவில்லை.

அன்று தண்ணீர் வைக்கப் போனபோது கீழ்த்தளத்துக் குளியலறையில் விளக்கு எரிந்தது. கதவு திறந்திருந்தது. என் தங்கை நைட்டியைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி, ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, வெறுங்காலோடு மெல்ல மெல்ல நடந்துகொண்டிருந்தாள். ஒரு கை சுவரில் இருந்தது.

"என்ன செய்யுத?" என்றேன்.

"சும்மாண்ணே. வழுக்குதான்னு பாக்கேன்."

"வழுக்குதா?"

"வழுக்கத்தான் செய்யுது" என்றாள், நன்றாகப் படிக்கும் பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்டதைச் சொல்வதுபோல. துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளிவிட்டு, எனக்கும் சேர்த்துக் காப்பி போடப் போய்விட்டாள்.

அவள் எதற்காக வந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத்தான் அது கடைசியில் தெரிந்தது. நாங்கள் பட்ட குழப்பத்தை வாசிப்பவரும் படவேண்டியதில்லை. அம்மா போனதிலிருந்து என் அப்பா தென்காசியில் தங்கையோடு இருக்கிறார். தங்கை அரசுப் பள்ளி ஆசிரியை. தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள். ஏற்றால் வெளி மாவட்டம் போக வேண்டும். இப்போது பள்ளி பக்கத்துத் தெருவில் இருக்கிறது. மதியம் ஓடிவந்து அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டுப் போகிறாள். அவள் கணவருக்குத் தூத்துக்குடியில் மின்வாரிய வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். அப்பா போன வருடம் குளியலறையில் விழுந்து, எலும்பு முறிந்து, இடுப்பில் பிளேட் வைத்தவர். பகல் முழுக்கத் தனியே விட முடியாது. இப்போது மூன்றாவது முறையாகவும் தங்கையின் முறை வந்திருந்தது. இதையும் விட்டால் ஓய்வு பெறுவதற்குள் இன்னொன்று வருமா என்பது சந்தேகம். அப்பா என்னோடு வந்து இருக்க முடியுமா என்று கேட்கத்தான் அவள் கடல் தாண்டி வந்தாள். கேட்பதற்கு முன்னால் இந்த வீட்டில், இந்த ஊரில் அவர் இருக்க முடியுமா என்று தானே பார்த்துவிட நினைத்திருக்கிறாள்.

எங்களிடம் சொன்னதோ, "லீவுக்கு ஊர் சுத்திப் பாக்க வாரோம்" என்பது மட்டும்.

செவ்வாய்க்கிழமை வந்து இறங்கியதிலிருந்து அவள் ஊரைச் சுற்றிப் பார்க்கவில்லை, எங்களைச் சுற்றிப் பார்த்தாள். நான் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இடம் என்று திட்டம் போட்டு வைத்திருந்தேன். நீரிணைக் கரையில் நின்று எதிரே சிங்கப்பூரைக் காட்டினேன். அவள் திரும்பி நின்று, உட்கார நிழலில் பெஞ்சு இருக்கிறதா என்று பார்த்தாள். பேரங்காடிக்குக் கூட்டிப்போனால் முருங்கைக்கீரை கிடைக்குமா, கேழ்வரகு மாவு கிடைக்குமா என்றாள். வீட்டில் மாடிப்படி எத்தனை, கீழே இருக்கும் சிறிய அறையில் என்ன வைத்திருக்கிறீர்கள், ஜன்னல் எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டாள். கூட வந்திருந்த அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, மட்டும் உண்மையாகவே ஊர் பார்க்க வந்தவர்போல எதைக் கண்டாலும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா வேலியருகே என் மனைவியைக் கூப்பிட்டார். தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டு வரிசையில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாமல் போகாது.

"தங்கச்சி, உங்க நாத்தனா நல்லா பேசுறாங்க லா. காலையில இந்தத் தமன்ல எல்லாத் தெருவும் நடந்து வந்து விசாரிச்சுட்டாங்க."

"என்ன விசாரிச்சாங்க?"

"எல்லாந்தான். நீங்க எப்படி, உங்க வீட்டுக்காரர் கோவப்படுவாரா, வீட்ல சத்தம் கித்தம் கேக்குமா, பொண்ணு எப்பெல்லாம் வீட்டுக்கு வரும். நான் நல்லவிதமாத்தான் சொன்னேன், கவலப்படாதீங்க."

அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் மனைவி என்னை மாடிக்கு அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அவளுக்கு விஷயம் முழுதாகப் புரிந்துவிட்டது. புரிந்தது தவறு என்பது வேறு விஷயம். ஆனால் எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பார்கள். ஒரு வீட்டைச் சுற்றிப் பார்ப்பது, அக்கம்பக்கத்தில் ஆட்களின் குணம் விசாரிப்பது, பெண் எப்படி என்று கேட்பது, எதற்கு என்று மட்டும் சொல்லாமல் இருப்பது. இது வேறு எதற்காக இருக்கும்? தங்கைக்கு ஒரு மகன், சென்னையில் வேலை, அந்த வாரம் மட்டும் லீவு போட்டு வந்து தாத்தாவோடு இருந்தான். எங்களுக்கு ஒரு மகள், ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. முறைப்படி அத்தை மகன், மாமன் மகள்.

"பொண்ணு கேக்கத்தான் வந்திருக்காங்க. எழுதி வச்சுக்கங்க" என்றாள்.

நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பயணம் கோத்தா திங்கி அருவிக்கு. மகளும் விடுதியிலிருந்து முதல் நாள் மாலையே வந்திருந்தாள். ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். நான் ஓட்ட, மாப்பிள்ளை முன்னால், பெண்கள் மூவரும் பின்னால், தங்கை நடுவில். வழியெல்லாம் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம். மாப்பிள்ளை ஒரு படம்கூட விடவில்லை.

அருவிக்கு நுழைவுச் சீட்டு உண்டு. அதைக் கண்டதும் மாப்பிள்ளைக்கு வாய் திறந்துவிட்டது.

"மச்சான், குத்தாலத்துக்காரனுக்கே அருவிய டிக்கெட் போட்டுக் காட்டுதிய பாத்தியளா! உங்க தைரியத்தப் பாராட்டணும்."

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "இது அருவி இல்ல மச்சான், எங்க ஐந்தருவிக்குத் தங்கச்சி பிள்ள" என்றார். ஆனால் முதலில் தண்ணீரில் இறங்கியவரும் அவர்தான். குரங்கு ஒன்று அவருடைய துண்டை எடுத்துக்கொண்டு போக, "அங்கயும் இதே சோலிதானல செய்யுதிய!" என்று அதை ஊர்க்காரனைத் திட்டுவதுபோலத் திட்டினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தங்கை நனையவில்லை. பாறையோரம் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நானும் மனைவியும் நான்கடி தள்ளிப் பாய் விரித்து, பழம் நறுக்குவதுபோல இருந்தோம்.

"படிச்சு முடிச்சு எங்க வேல பாக்கப் போற?"

"இங்கதான் அத்தை. சிங்கப்பூர் கிடைச்சா சிங்கப்பூர், வீட்ல இருந்தே போய்ட்டு வரலாம்."

"அப்ப வீட்டுலதான் இருப்ப. காலைல எத்தன மணிக்கு எந்திப்ப?"

"வீட்லயா? பத்து!"

"சமைக்கத் தெரியுமா?"

"மேகி."

"பெரியவங்க ஒரு சொல்லு சொன்னா கோவம் வருமா உனக்கு?"

மகள் எங்கள் பக்கம் திரும்பினாள். "அலமாக்! அம்மா, அத்தை என்னை இன்டர்வியூ பண்றாங்க லா."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கொய்யாப் பழத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பெண் கேட்க வந்தவள், பெண் பத்து மணிக்கு எழுகிறாள் என்றால் முகம் சுளிக்க வேண்டாமா? தங்கையின் முகத்தில் சுளிப்பு இல்லை, ஏதோ கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்த இரண்டும் பொருந்தவில்லை என்று பட்டது. ஆனால் பொருந்தாததைத் தனியாக எடுத்து யோசிக்க நேரமில்லை, பசித்தது.

மதியம் ஊருக்குள் ஒரு தமிழ் முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட்டோம். கடைக்காரர் இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். எங்கள் பேச்சைக் கேட்டுத் தாமே வந்து பக்கத்தில் நின்றார். தங்கை சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கொழைய வடிச்சுத் தருவீங்களா, கேட்டா?" என்றாள்.

"யாருக்கும்மா? பிள்ளைக்கா?"

"சும்மா கேட்டேன். உங்க வீட்டுப் பெரியவங்க எல்லாம் இங்கதான் இருக்காங்களா?"

"அத்தா ஊர்ல. ஒருவாட்டி கூட்டியாந்தேன். மூணு மாசம் இருந்தாக, அப்புறம் டிக்கெட்டப் போடுன்னுட்டாக."

"ஏன், ஒத்துக்கலையா?"

"சாப்பாடு ஒத்துக்கிச்சு, க்ளைமேட் ஒத்துக்கிச்சு. பேச ஆளில்லைன்னாக. நான் கடையில நிக்கிறேன், என் மக்க தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசும், அப்புறம் மலாய்க்குப் போயிரும். அவுக என்ன பண்ணுவாக, காலைலேர்ந்து ரோட்டப் பாத்துக்கிட்டு?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போனார்.

தங்கை பிறகு சாப்பிடவில்லை. மீன் வேண்டாமா என்றேன், வயிறு நிறைந்துவிட்டது என்றாள். அது எதனால் என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பும்போது காரில் எல்லாரும் தூங்கிப்போக, அவள் மட்டும் கண்ணாடியில் தெரிந்தாள், விழித்தபடி.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மறுபடியும் மாடிக்கு அழைத்தாள்.

"இன்னைக்கு கேட்டுருவாங்க. வாய்விட்டுக் கேட்டு, நாம மாட்டோம்னு சொன்னா, அப்புறம் அண்ணன் தங்கச்சி உறவே போயிரும். கேக்க விடாதீங்க. நீங்களே முந்திக்கங்க. பேர் எடுக்காம, பட்டும் படாம சொல்லுங்க, புரிஞ்சுக்குவாங்க."

இதிலும் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. சம்பந்தம் வேண்டாம் என்றால் சம்பந்தம் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. கேட்டதாகவும் இருக்காது, மறுத்ததாகவும் இருக்காது. அடுத்த விசேஷத்தில் இரு தரப்பும் பழையபடி பேசிக்கொள்ளலாம். நான் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

ஐந்தரைக்கு மழை பிடித்தது. கார் நிற்கும் இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுத் தங்கை உட்கார்ந்திருந்தாள். நான் போய் மற்றொன்றில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"தெரியும்" என்றேன். "நீ கேக்க வேண்டாம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "மதினி சொன்னாவளா?"

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம். அது சரிப்படாதும்மா. உனக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். காலம் முன்ன மாதிரி இல்ல. பிள்ளைக்குப் படிப்பு இருக்கு, அதுக்கப்புறம் அவ வாழ்க்கை இருக்கு. நீ மனசுல எதுவும் வச்சுக்காத."

வரிசைப்படி, ஒன்றும் விட்டுப்போகாமல் சொல்லிவிட்டேன்.

"சரிண்ணே" என்றாள். அதற்குப் பிறகு, "கேக்காமலே இருந்திருக்கலாம், என்ன" என்றாள். எழுந்து நாற்காலியைச் சுவரோரம் சரியாக நகர்த்திவைத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்துவிட்டது. ஆனாலும் ஏதோ ஒரு திருகாணியை அதிகமாக முறுக்கிவிட்டாற்போல உள்ளுக்குள் இருந்தது. மகனுக்குப் பெண் இல்லை என்றதற்கா ஒருத்தி இப்படி எழுந்து போவாள்?

மழை விட்டதும் மாப்பிள்ளை வெளியே வந்தார். "உங்க வீட்டம்மா ரொட்டி வாங்கணும்னாவ. வாங்க மச்சான், நடந்துட்டு வருவோம்." கடை தெருமுனையில்தான். பாதி தூரம் ஒரு படம்கூட எடுக்காமல் வந்தார். அவருக்கு அது பழக்கமில்லாதது.

"மச்சான், எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல. அவங்கவங்க நெலமை அவங்கவங்களுக்கு. ஆனா நான் அவகிட்ட அப்பவே சொன்னேன், போன்லயே கேட்டுருன்னு. நேர்ல பாத்தா அண்ணன் மாட்டேன்னு சொல்ல மாட்டான்னா. இப்ப உள்ள போய் அழுதுட்டு இருக்கா."

"இதுக்குப் போய் அழணுமா? பையனுக்கு வேற பொண்ணா கிடைக்காது?"

மாப்பிள்ளை நின்றுவிட்டார்.

"எந்தப் பையனுக்கு?"

"உங்க பையனுக்கு."

"எங்க பையனுக்கு எதுக்கு மச்சான் பொண்ணு? அவன் ஆபீஸ்லயே ஒண்ணப் பாத்து வச்சுட்டான், தெலுங்குப் பிள்ள. அத உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு நாங்க முழிச்சுக்கிட்டு இருக்கோம்! நீங்க கோச்சுக்குவியன்னு!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அப்ப நீங்க மாட்டேன்னது மாமாவ இல்லையா?" என்று கேட்டார்.

அந்தத் தெருவில், அடைத்திருந்த ஒரு முடிதிருத்தகத்தின் வாசலில் நின்றுதான் எல்லாவற்றையும் சொன்னார்: பதவி உயர்வு, புதன்கிழமைக்குள் அவள் பதில் எழுதிக் கொடுக்க வேண்டியது, அப்பாவின் இடுப்பு. ரொட்டி வாங்காமலே திரும்பினோம்.

மனைவியிடம் சமையலறையில் சொன்னேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து உங்கள என்ன பாடு படுத்திட்டோம்" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. அவள் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள். பகலில் அப்பாவோடு இருக்கப்போவது நானல்ல. அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "என்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி எல்லாத்தையும் பக்கத்து வீட்ல கேட்டிருக்காங்க" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

தங்கை கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னதும் கொஞ்ச நேரம் நம்பவில்லை. பிறகு சிரித்தாள், மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. "பத்து மணிக்கு எந்திக்கிற பிள்ளைய நான் எதுக்குண்ணே கேக்கப் போறேன்! காலைல அப்பாவுக்கு யாரு காப்பி கொடுப்பான்னுல்லா பாத்தேன்."

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப, அப்பாவுக்கு என்ன சொல்லுத?"

உடனே ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று படிப்பவருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வாயில் வந்தது, "அப்பாகிட்ட கேட்டியா?" என்பதுதான்.

"உன்னக் கேக்காம அவர எப்படிக் கேக்க? கேட்டாலும் என்ன சொல்வார்னு தெரியும். எங்கிட்ட, இங்கயே இருக்கேம்பார். உங்கிட்ட, வாரேம்பார். ரெண்டும் நமக்காகத்தான்."

"அந்தக் கடைக்காரர் சொன்னதைக் கேட்டல்ல?"

"கேட்டேன். அதுலேர்ந்து எனக்கே குழப்பமா இருக்கு. உங்கிட்டக் கேக்கலாமா வேண்டாமான்னே தெரியல. மழை பெஞ்சுச்சா, சரி கேட்டுருவோம்னு கேட்டேன்."

இருவரும் துணியை மடித்தோம். அப்பாவின் விசாவை எப்படி எடுப்பது, இங்கே மருத்துவமனையில் என்ன நடைமுறை, வெப்பமில்லாத நாளே இல்லாத ஊரில் அவருக்கு எந்த மின்விசிறி என்றெல்லாம் எனக்குத் தெரிந்தவற்றை வரிசையாகச் சொன்னேன். அவை எல்லாவற்றுக்கும் விடை கண்டுபிடித்துவிடலாம். காலையில் நான் ஆலைக்குப் போன பிறகு, மனைவி பாடம் எடுக்கும்போது, அவர் யாரோடு பேசுவார் என்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அப்பா வராவிட்டால் தங்கை மறுபடியும் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பாள் என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்தது. அன்றைய நாட்குறிப்பில் மழை, போய் வந்த தூரம், சாப்பிட்டவை எல்லாம் இருக்கின்றன. முடிவு என்று எழுதிவிட்டு அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் ஞாயிறு. எழுந்ததும் தண்ணீர் வைக்கவில்லை, கதவைத் திறக்கவில்லை. நேரே கீழ்த்தளத்துக் குளியலறைக்குப் போய், ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். வாசலருகே ஒன்றுமில்லை. தண்ணீர் போகும் துளையை நோக்கித் தரை சரியும் இடத்தில் கால் இழுத்தது. பிடிக்கக் கை நீட்டினால் வழவழப்பான சுவர்தான். இவ்வளவு காலமாகத் தினமும் குளிக்கும் இடம். பென்சிலையும் அளவு நாடாவையும் எடுத்து வந்தேன். ஒரு கைப்பிடி பொருத்த வேண்டும், ஆனால் எந்த உயரத்தில்? அப்பா இப்போது எவ்வளவு குனிந்து நடக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. தங்கையை எழுப்பினேன்.

அவள் தூக்கக் கலக்கத்தோடு வந்து, தண்ணீரையும் என் கையிலிருந்த நாடாவையும் பார்த்தாள். சரிவான இடத்தில் போய் நின்று, இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, முதுகை வளைத்து, அப்பாவைப் போல நின்றாள். பிறகு சுவரில் கையை வைத்தாள்.

"இங்க."

அவள் விரல்களுக்குக் கீழே ஒரு கோடு போட்டேன்.